வலப்பக்கம் திரும்பாத ரேஸ் கார்கள்

அணுபுரத்தில் இடி விழுவதாக இருந்தால்கூட, முதலில் பெர்மிட் சாரிடம் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விழும். மிகைப்படுத்தவில்லை, கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன். விழப்போகும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்தில் இரண்டு வாளி மணல் வைத்து, அந்த இடிக்கு ஒரு ஹெல்மெட்டும் மாட்டிவிட்ட பிறகுதான் சார் பேனாவைத் திறப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பக்கத்து அணுமின் நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. எந்த வேலையும் தொடங்கும் முன் அதற்கான அனுமதிச் சீட்டைச் சரிபார்ப்பது, முக்கால்வாசி நேரம் 'நிறுத்து' என்று சொல்வது, இதுதான் அவர் தொழில். சாயங்காலம் அவர் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தத் தொழிலும் அவர் பின்னாலேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். அவர் மனைவி சரோஜா ஆன்ட்டி அப்பளம் பொரிக்க வேண்டுமென்றால் தனிச் சீட்டு. பூரி என்றால் இரண்டு பிரதிகள்.

என் ஏழாவது பிறந்தநாளில் கேக் மேல் மெழுகுவர்த்தி ஏற்றியதும் கூட்டத்திலிருந்து அவர் குரல் வந்தது. "ஏழு நெருப்பு, ஒரே ஒரு வாசல். தீயைப் பார்த்துக்க ஆள் யாரு?" யாரும் இல்லை. அதனால் ஆள் ஏற்பாடு ஆகும்வரை கேக் வெட்டவில்லை. அந்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் எனக்குப் பின்னால் ஈரச் சாக்கோடு விறைப்பாக நிற்பவர் என் அப்பா.

இப்படிப்பட்ட மனிதர்தான் போன வருஷம் ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் இன்ஜினியரிங் முடித்து, வீட்டிலிருந்தே ஒரு ஐடி கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது ஒரு கண் லேப்டாப்பில், இன்னொரு கண் போனில் ஓடும் கார் ரேஸ் வீடியோவில். சார் கதவைச் சாத்தினார். அவசர வழிக்காக ஜன்னலைத் திறந்து வைத்தார்.

"தம்பி, நான் சலூன் கார் ரேஸ் நடத்தப் போறேன். ஒரு ரேஸ் இல்ல, தொடர். ஊர் ஊராப் போய் நடத்துறது. அஞ்சு ஊர். நீதான் செயலாளர்."

சலூன் கார் என்றால் முடிவெட்டும் கடை வைத்த வண்டி அல்ல. நாலு கதவும் டிக்கியும் உள்ள, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிவரும் சாதாரணக் கார். அதை மண் தரையில், முட்டை வடிவப் பாதையில், இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி விரட்டுவது. வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். ஈரச் சாக்கு கேட்ட சார் வாயிலிருந்து அது வரும் என்று நினைத்ததில்லை.

"சார், உங்களுக்கு எதுக்கு இது?"

"முப்பத்தாறு வருஷம் 'நிறுத்து'ன்னு சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கிட்டேன் தம்பி. ஒரு தடவையாவது 'கிளம்பு'ன்னு சொல்லணும். மாசக் கடைசியில ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டுப் புனே போறோம், பையன் ஃப்ளாட்டுக்கு. பதினோராவது மாடி. அங்கே எதை ஓட விடுறது? முதல் சுத்தாவது நான் போறதுக்குள்ள நடக்கணும்."

இருபத்திமூன்று நாள் இருந்தது. எனக்கு அப்போதே கைகால் பரபரத்தது.

அடுத்த நாளே கோப்பு தயார். என் லேப்டாப்பை விடக் கனம். செங்கல்பட்டு, படாளம், திருக்கழுக்குன்றம் என்று ஊருக்கு ஊர் ஆபத்துப் பட்டியல். 'படாளம் சுற்று. ஆபத்து: எருமை. தடுப்பு நடவடிக்கை: முன்கூட்டியே எருமையின் உரிமையாளரிடம் பேசுதல். உரிமையாளர் இல்லாத பட்சத்தில் எருமையிடம் பேசுதல்.' முதல் சுற்று மாமல்லபுரத்துக்கு வெளியே, சவுக்கு வெட்டிப் போட்டிருந்த ஒரு வெற்று நிலத்தில். 'ஆபத்து: கடல். தடுப்பு நடவடிக்கை: பார்த்துக்கொண்டே இருத்தல்.'

அந்த நிலம் படாளம் மெக்கானிக் தேசிங்குவின் மாமனாருடையது. தேசிங்கு ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் ஷெட் வைத்திருந்தான். செத்த காரையும் பேச்சுக் கொடுத்தே எழுப்பிவிடுவான். அவனிடம் கிழட்டு அம்பாசிடர்கள் இரண்டு கிடந்தன. மூன்றாவது, சாருடைய வீட்டு வான நீலக் கார். ஓட்டுகிறவர்கள் தேசிங்கு, நான், சரோஜா ஆன்ட்டி. ஆன்ட்டி எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டேன். "அப்பளத்துக்குச் சீட்டு கேக்கமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கார்ப்பா" என்றார்.

சார் வரைபடம் போட்டார். மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைத்து, மூன்று கையெழுத்தும் வாங்கினார். தேசிங்கு அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு வெல்டிங்கை ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் மூன்று வண்டியும் தயார். நாங்கள் போய்ப் பார்த்தபோது அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சாரு, ஒரு டவுட்டு. நீ சொன்ன மாரியே ஸ்டீரிங்குல தடுப்பு வச்சு வெல்டு அடிச்சிட்டேன். லெப்ட்ல சும்மா வழுக்கிகினு போவுது. ரைட்ல ஒரு சாண் திரும்புது, அதுக்கு மேல வரல."

"சரிதானே. ரேஸ்ல இடப்பக்கம் மட்டும்தான் திரும்பணும். வெளிப் பக்கம் வேலி. வலப்பக்கம் திரும்ப முடிஞ்சாத்தானே அதுல போய் மோதுவான்?" சாருடைய முகத்தில் ஒரு வாழ்நாள் சாதனை மின்னியது.

"அது கரீக்டு சாரு. மாமல்லபுரத்துக்கு எப்டி போறது? செங்கல்பட்டுல ரைட்டு ஒடிக்கணுமே."

சார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லாரியில ஏத்திட்டுப் போலாமே சார்" என்றேன்.

"ஏத்தினா அது தூக்குற வேலை தம்பி. தூக்குற வேலைக்குத் தனி பெர்மிட், தனி கமிட்டி. ஒரு மாசமாவது ஆகும்."

"அந்த வெல்டை அறுத்துப் போட்டா இன்னா? பத்து நிமிசம்" என்றான் தேசிங்கு.

சார் அவனை, கோயிலில் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அங்கீகரிச்ச வரைபடம்ப்பா. மாத்தணும்னா அதே மூணு பேரும் கையெழுத்துப் போடணும்."

முதல் கையெழுத்து சார். இரண்டாவது நான். மூன்றாவது கையெழுத்து, வரைபடப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்காவுக்குப் போய்ப் பேரனுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தது. போனில் அனுப்பச் சொல்லலாம் என்றேன். மை காயாத கையெழுத்துதான் செல்லுமாம்.

"பேஜாருப்பா" என்று தேசிங்கு டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். மாசக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. சார் மூன்று நாள் ஆளையே காணோம். நான்காம் நாள் ஒரு புதிய வரைபடத்தோடு வந்தார். படாளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, இடப்பக்கம் மட்டுமே திரும்பிப் போகும் வழி. வலப்பக்கம் ஒருமுறை திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் மூன்றுமுறை திரும்பினால் அதே திசை வந்துவிடும். மொத்தம் நான்கு இடம், பன்னிரண்டு திருப்பம். சிரிப்பை அடக்க நான் இருமினேன். உடனே எனக்குத் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தீ ஆபத்தைக் குறைக்க, வழிக்கும் பத்துச் சுற்று ரேஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதற்குமேல் ஒரு சொட்டு பெட்ரோல்கூட டாங்கில் இருக்கக் கூடாது என்றார் சார். முன்னால் ஆன்ட்டி, பக்கத்தில் கோப்பும் சிவப்புக் கொடியுமாகச் சார். அடுத்து நான். கடைசியில் தேசிங்கு.

செங்கல்பட்டில் முதல் இடது, இரண்டாம் இடது எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது தெருவில் கல்யாணப் பந்தல் போட்டு அடைத்திருந்தார்கள். அடுத்த தெருவில் திரும்பினோம். அது எங்களைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. மறுபடி சுற்றினோம். இரண்டாம் முறை கடந்தபோது முனையிலிருந்த டீ மாஸ்டர் கை காட்டினார். மூன்றாம் முறை டீயையே நீட்டினார். நான்காம் முறை ஒரு போக்குவரத்துக் காவலர் நடுரோட்டில் வந்து நின்றார்.

"யோவ், காலைலேர்ந்து பாத்துகினு கீறேன். மூணு வண்டியும் இங்கயே சுத்திகினு கீறீங்க. இன்னா தேடுறீங்க?"

தேசிங்கு தலையை வெளியே நீட்டினான். "ரைட்டு சார். ரைட்டைத் தேடுறோம்."

காவலர் நிமிர்ந்து வலப்பக்கம் பார்த்தார். சாலை அங்கேயேதான் இருந்தது. "தோ கீதேய்யா."

சார் இறங்கிக் கோப்பைத் திறந்து வரைபடத்தை விளக்கினார். எருமைப் பக்கம்வரை வந்ததும் காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு விசிலடித்து நாலு பக்கத்து வண்டிகளையும் நிறுத்தி, கல்யாண வீட்டாரிடம் பேசிப் பந்தலின் ஒரு காலைப் பிடுங்கச் சொல்லி, எங்களை அனுப்பிவைத்தார். "போய்ச் சேருங்க சாமி. திரும்பி மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க."

மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. நிலத்தில் தேசிங்கு முன்பே வேலி கட்டி, பாதை போட்டிருந்தான். பார்வையாளர்கள், பஸ்ஸுக்கு நின்ற மீன்காரப் பெண்கள் நாலு பேர், ஒரு ஐஸ் வண்டிக்காரர். சார் அறுபத்திரண்டு விஷயங்களைச் சரிபார்த்தார். எங்கள் ஷூ லேஸ், ஆன்ட்டியின் கொண்டை, ஐஸ் வண்டியின் பிரேக், எல்லாம். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சார்?"

"சீட்டு கொடுக்கிறவனே வேலையைத் தொடங்கக் கூடாது. விதி. நான்தான் கொடுக்கிறவன். தொடங்குறவனும் நான்தான்."

கோப்பை ஒருமுறை புரட்டினார். கொடியைப் பார்த்தார். மறுபடி கோப்பு. மறுநாள் காலை சாமான் லாரி வருகிறது.

நீலக் காரிலிருந்து ஆன்ட்டி தலையை நீட்டினார். "ஏங்க, நான் போகவா, வேண்டாமா? எலுமிச்சை சாதம் ஆறிப்போச்சு."

சார் கோப்பை மெதுவாகத் தரையில் வைத்தார். காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார். பச்சைக் கொடியை, அதாவது ஆன்ட்டியின் பச்சை ரவிக்கைத் துணியை, தலைக்கு மேல் தூக்கினார். கை கொடியை இறக்கியது. வாய், முப்பத்தாறு வருஷப் பழக்கத்தில், "நிறுத்து" என்று கத்தியது.

மூன்று வண்டியும் முட்டிக்கொண்டு நின்று அணைந்தன.

"இன்னா சாரு, கை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. எதைக் கேக்குறது?"

சார் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொடி மறுபடி எழுந்து இறங்கியது. பொத்திய விரல்களின் இடுக்கிலிருந்து, கீச்சென்று, "கிளம்பு" என்று வந்தது.

கிளம்பினோம். மணல் பறந்தது. முதல் வளைவில் நான் முன்னால். இரண்டாம் வளைவில் என் பக்கவாட்டில் ஒரு நீலம் வந்தது. ஆன்ட்டி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேசிங்கு எங்களுக்குப் பின்னால், "யக்கா, வழி வுடு யக்கா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். மீன்காரப் பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வேலி ஓரம் வந்துவிட்டார்கள். சார் குதிக்கிறாரா, எங்களை நிறுத்தச் சொல்கிறாரா என்று தூசியில் தெரியவில்லை.

நாலாவது சுற்றில் என் வண்டி விக்கியது. பத்தடி தள்ளி தேசிங்குவின் வண்டியும் நின்றது. ஆன்ட்டி கோட்டைத் தாண்டி, அப்படியே உருண்டு ஓய்ந்தார். செங்கல்பட்டில் சுற்றிய சுற்றெல்லாம் கணக்கில் வரவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

சார் ஓடி வந்தார். தலை, மீசை, கண்ணாடி எல்லாம் மண். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்பார் என்று காத்திருந்தோம். "இன்னொரு சுத்து" என்றார்.

"பெட்ரோல் இல்ல சார்."

"தெரியும். இன்னும் ஒண்ணே ஒண்ணு."

தேசிங்கு அவரை ஒரு கணம் பார்த்தான். நீலக் காரின் கதவைத் திறந்துவிட்டான். "ஏறிக் குந்து சாரு."

"நானா?"

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்ததே இல்லை என்று ஆன்ட்டி அப்போதுதான் சொன்னார். இத்தனை வருஷமும் வீட்டுக் காரை ஓட்டியது ஆன்ட்டிதான். தன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சாருக்கு மாட்டி, மோவாய்க்குக் கீழே பட்டையை இழுத்துக் கட்டினார். பின்னால் வந்து டிக்கியில் கை வைத்தார். நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம். மீன்காரப் பெண்களும் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். கார் நகர்ந்தது. நடக்கும் வேகம்தான். சார் உள்ளே முன்னால் குனிந்து, பல்லைக் கடித்து, ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துத் திருப்பினார். நேர்ப்பாதையில் வாயாலேயே கியர் மாற்றும் சத்தம் கொடுத்தார்.

கோடு வந்தது. அவர் பார்க்கவில்லை. தாண்டிப் போனோம். மறுபடி வந்தது. அதையும் தாண்டினோம்.

மூன்றாவது சுற்றில் தேசிங்கு மூச்சிரைக்க என் காதருகே வந்தான். "போதும்னு நீ சொல்லேன்டா."

"நீ சொல்லு" என்றேன்.

இருவரும் ஆன்ட்டியைப் பார்த்தோம். அவர் செருப்பை உதறிவிட்டு, மணலில் காலை ஊன்றி, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். நானும் தோளைக் கொடுத்தேன்.