பீரோ அழுகிறதாம்!

மூன்று மாதமாக எங்கள் கட்டடத்தில் மனிதர்கள் யாரும் அழவில்லை. பீரோக்கள்தான் அழுதன. கட்டில்கள் கோபித்துக்கொண்டன. மூன்றாவது மாடியில் ஒரு முக்காலிக்கு வயிற்றெரிச்சல் என்று கேள்வி. யாருடைய வயிறு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அறிவிலி என்பார்கள்.

இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர் மூலை முனிவர். தாடியையும் சடையையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கக்கூடிய ஷூ, கையில் தோல்பை, வலது கை விரலில் கோலிக்குண்டு அளவு கறுப்புக் கல் வைத்த மோதிரம். எந்த மூலையில் எது இருக்க வேண்டும் என்று சொல்வதால் எங்கள் ஆட்களே சூட்டிய பட்டம் அது. அவர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டில் ஏற இடம் இருக்காது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண உறை தோல்பைக்குள் போகும்.

அவருடைய ஆயுதம் ஒரு நீள ஊசி. கறுப்பு நூலில் தொங்கும். சாட்சி ஊசி என்று பெயர். நூலை அவர் பிடிக்கவே மாட்டார்.

"நான் பிடிச்சா, நான்தான் ஆட்டுறேன்னு சொல்லுவீங்க. உங்க வீடு, உங்க கை. நீங்களே பிடிங்க."

எவ்வளவு நேர்மை பாருங்கள்! வீட்டுக்காரர் பீரோ முன்னால் நூலைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பார். முனிவர் வலது உள்ளங்கையை ஊசிக்குக் கீழே நீட்டி, "உனக்கு இந்த இடம் சம்மதமா?" என்று பீரோவைக் கேட்பார். ஊசி துடிக்கும். ஒரு பக்கமாக இழுக்கும். சில வீடுகளில் சுற்றியே வரும். "சம்மதமில்லை. அழுகுது" என்று தீர்ப்பு வரும். இருக்கிற இடத்தில் சந்தோஷமாக இருந்த நாற்காலி ஒன்றுகூட இந்தக் கட்டடத்தில் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் முனிவர் பிழைப்பு என்னாவது?

இருபத்து நான்கு வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. முதல் மாடியில் இடப்பக்கச் சுவரில் இருந்த பீரோ வலப்பக்கம் போனது. அதற்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் வலப்பக்கத்துப் பீரோ இடப்பக்கம் வந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் படியில் சந்தித்து, "இப்பதாங்க வீடு வீடா இருக்கு" என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் இடுப்புப் பிடிப்பு.

என் வீடு மட்டும் என்ன வாழ்ந்தது? பூட்டு ரிப்பேர் என் தொழில். ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் திறந்து கொடுப்பேன். என் வீட்டுக் குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும். சாப்பாட்டு மேஜை அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டிலேயே வெளியே வந்தேன்.

"வயிறு இளைக்குதுல்ல? அதுவும் பலன்தான்" என்றாள் என் மனைவி.

நான்காவது மாடித் தையல்காரம்மா வீட்டில்தான் இந்தக் கூத்து விளையாட்டாக இல்லாமல் போனது. அவர் புருஷன் பேருந்து ஓட்டுநர். பரிசோதகர் பதவி மூன்று முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. வெந்த மனசு. முனிவர் அதைச் சரியாக மோப்பம் பிடித்தார். ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினைப் பார்த்தார். ஓட்டுநர் கையில் ஊசி ஆடியது.

"இந்த மெஷின் வாசலைப் பார்த்து ஓடுது. வீட்டுக்குள்ள வர்ற நல்லதையெல்லாம் படியிலயே தைச்சுப் போட்டுடுது!"

மெஷின் குளியலறைப் பக்க மூலைக்குப் போனது. வெயில் பிறந்ததிலிருந்து எட்டிப் பார்க்காத மூலை அது. ஜன்னலை மறைத்துக்கொண்டு பீரோ நின்றது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தார்கள்.

அந்த அம்மா கையில் அப்போது ஆஸ்பத்திரி வேலை இருந்தது. நர்சுகளுக்கு அறுபது வெள்ளைக் கோட்டு. சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக நடையாய் நடந்து வாங்கிய வேலை. தையல் கோணினாலோ நாள் தப்பினாலோ வேறு ஆளுக்குப் போய்விடும், பிறகு திரும்பி வராது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், மேலே மங்கல் விளக்கு. செவ்வாய்க்கிழமை ஊசி அவர் விரலில் இறங்கிவிட்டது. கோட்டின் கழுத்துப்பட்டையில் ரத்தம்.

கட்டுப்போட நான்தான் பஞ்சு எடுத்துக்கொண்டு போனேன். ஓட்டுநருக்கு முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை.

"இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கம்மா. ஊசி பொய் சொல்லுமா?"

"இருபது வருஷமா ஊசியோடதான் குடும்பம் நடத்துறேன். அது பொய் சொல்லாது. சொல்ல வைக்கிறவன் சொல்லுவான்."

"பிடிச்சது நான்தானே? என் கையிலதானே ஆடுச்சு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அன்னைக்கு அவரு என் கட்டிங் மேஜையில வலது கையை ஊனிட்டு நின்னாரு. போனதும் பார்த்தா குண்டூசி எல்லாம் கூட்டமா ஒட்டிக்கிட்டு, அவரு கை போன பக்கமே தலை திருப்பிக் கிடக்குது. இரும்புப் பீரோவை மட்டும் இடது கையாலதான் தொடுறாரு. கீழ விழுந்த ஊசியைப் பொறுக்க நான் ஒரு காந்தம் வெச்சிருக்கேன். அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்."

எனக்குச் சுருக்கென்றது. பூட்டுக்கடையில் காந்தத்தோடு புழங்குகிற எனக்கு இது தோன்றவில்லையே! குளியலறைக் கதவில் தேய்ந்தது வயிறு மட்டும் இல்லை போலிருக்கிறது.

புதன்கிழமை மறுபார்வைக்கு முனிவரையே அழைத்தார் அந்த அம்மா. ரத்தம் சிந்திய செய்தி கேட்டுக் கட்டடமே திரண்டு வந்தது. முன்வரிசையில் மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் எதையும் நிரூபிக்காமல் விடமாட்டார். வீட்டில் முக்காலியின் வயிற்றெரிச்சலை நம்புவார்.

முனிவர் கழுத்துப்பட்டைக் கறையைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"மெஷின் போயிடுச்சு. கோபம் கட்டில்ல ஏறியிருக்கு. கட்டிலைச் சமையலறை வாசலுக்கு மாத்தணும்."

"மாத்திடலாம் ஐயா. ஒரு சந்தேகம்" என்றார் தையல்காரம்மா. "அழறது கட்டிலா, ஊசியா?"

"கட்டில்தாம்மா. ஊசி வெறும் வாய்."

"வாய் எதுவா இருந்தா என்ன? இன்னைக்கு இது பேசட்டும்."

நூலிலிருந்து ஊசியை அவிழ்த்துவிட்டு ஒரு கோட்டுப் பொத்தானைக் கட்டினார். நூலைப் புருஷன் கையில் கொடுத்தார். முனிவர் உள்ளங்கையை நீட்டினார். "சம்மதமா?" பொத்தான் தொங்கியது. குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். பொத்தானுக்குக் காது கேட்கவில்லை.

"பிளாஸ்டிக்குக்குச் சக்தி பத்தாதும்மா" என்று கணக்கு வாத்தியார் முட்டுக் கொடுத்தார்.

"சரி சார், ஊசியையே கட்டுறேன். ஐயா மோதிரத்தை மட்டும் கழட்டிட்டுக் கேக்கட்டும்."

"இதைக் கழட்டினா ஆயுசு குறையும்" என்றார் முனிவர். நெற்றியில் வியர்வை.

"ஐயோ, உங்க ஆயுசு எங்களுக்கு வேணுமே! கழட்ட வேணாம். இடது கையால கேளுங்க."

கூட்டத்தில் யாரோ, "கேளுங்களேன், அதுல என்ன?" என்றார்கள். முனிவர் இடது கையை நீட்டினார். மறுபடியும் கட்டிய ஊசி ஆடாமல் நேராகத் தொங்கியது. ஓட்டுநர் தன் கையையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் தையல்காரம்மா குண்டூசி டப்பாவைத் திறந்து, முனிவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த வலது கைப்பக்கம் நீட்டினார்.

குண்டூசிகள் துள்ளின. ஒன்று, பத்து, ஐம்பது. மோதிரம் முள்ளம்பன்றி ஆகிவிட்டது. முனிவர் உதறினார். விழவில்லை. பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கினால் நான்கு சேர்ந்து வந்து மறுபடியும் போய் ஒட்டின. அவருடைய அபார சக்தியை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தோம்.

"கட்டில் சம்மதம் சொல்லிடுச்சா ஐயா?" என்று என் மனைவி கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் நல்ல வார்த்தை.

ஓட்டுநர் நூலைக் கீழே போட்டார். நேராகப் போய்ப் பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நானும் ஒரு கை கொடுத்தேன். அது நகர நகர வெயில் உள்ளே வந்து முதலில் முனிவர் முகத்தில்தான் விழுந்தது. தோல்பையைத் திறந்து அன்று படியேறும்போது வாங்கிய உறைகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னோம். அதற்கு எந்தச் சாட்சியும் கேட்காமல் வைத்துவிட்டு, விரலெல்லாம் ஊசியோடு படியிறங்கினார்.

"எங்க வைக்கணும், நீயே சொல்லு" என்றார் ஓட்டுநர் மனைவியிடம். அந்த அம்மா இஞ்ச் டேப்பை எடுத்தார். இடப்பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி மெஷின் ஜன்னலோரம். நாற்காலியை இழுக்க இரண்டடி. கட்டில் தலைமாட்டில் மறைப்பாகப் பீரோ, வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷன் கண்ணில் வெயில் அடிக்காமல் இருக்க. கதவு முழுதாகத் திறந்தது. புதிதாக ஒரு சாமானும் வாங்கவில்லை, அரைமணி நேரத்தில் வீடு பெரிதாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் அறுபது கோட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. கறை பட்ட கழுத்துப்பட்டையை மாற்றித் தைத்திருந்தார். அடுத்த நூறு கோட்டுக்குத் துணி அவர் தோளிலேயே திரும்பி வந்தது. ஓட்டுநருக்கு மட்டும் பதவி இன்னும் வரவில்லை. அது பீரோ கையில் இல்லை என்பது அவருக்கு இப்போது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்கட்டில் மறுபடியும் வரிசை. தையல்காரம்மா வீட்டு வாசலில்! முதல் ஆள் கணக்கு வாத்தியார்.

"எங்க வீட்டையும் வந்து பார்த்துச் சொல்லணும்மா. உங்க கைராசி..."

"கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல சார். கதவு முழுசாத் திறக்குதான்னு பாருங்க. வெளிச்சம் எங்க விழுதுன்னு பாருங்க. கால் எங்க இடிக்குதோ அங்க இருக்கறதை நகர்த்துங்க. இந்தாங்க டேப்பு, அளந்துட்டுத் திருப்பிக் கொடுங்க."

வாத்தியார் டேப்பை இரண்டு கையாலும் பவ்வியமாக வாங்கினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதை எந்தத் திசை பார்த்துப் பிடிக்கணும்?"

அந்த அம்மா டேப்பின் நுனியை இழுத்து அவர் கையில் வைத்தார்.

"எந்தத் திசையா இருந்தாலும் பரவாயில்ல சார். கண்ணை மட்டும் திறந்து வெச்சுக்கங்க."

உங்கள் வீட்டுக் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பாதியில் இடித்தால் பீரோவைக் கேட்காதீர்கள். அதை அங்கே வைக்கச் சொன்னவன் யார், சொன்னதும் தூக்கி வைத்தவர் யார் என்று கேளுங்கள்.