ஜன்னலைச் சாத்திய பிலடெல்பியா

அமெரிக்காவை அமெரிக்கர்களைவிட அதிகமாக நேசித்த ஒரே மனிதன் விருதுநகர்க்காரன்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். டெல்லிக்கு வடக்கே பானிபட்டைக்கூடப் பார்க்காதவன். தொண்ணூறுகளில் டெல்லியில் ஆராய்ச்சி மாணவர் ஹாஸ்டலில் என் அறைத்தோழன். அமெரிக்கா என்ற நாடு உருவான கதையில் ஆராய்ச்சி. சொந்தப் பெயர் வாட்ச்மேனுக்கே மறந்துவிட்டது. அந்த நாட்டின் அரசியல் சட்டத்தைப் பேசி முடித்த ஊரின் பெயரால், எல்லோருக்கும் அவன் பிலடெல்பியா.

பல் விளக்கிக்கொண்டே கேட்பான். "மாப்ள, பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் எப்படிடா ஒத்துப்போச்சு? என்னிக்காவது யோசிச்சியா?"

நான் யோசித்ததில்லை. என் கவலையெல்லாம் மெஸ் ராஜ்மா. அங்கே ஓட்டுப் போட்டுத்தான் மெனு. பீகார், உ.பி. ஆட்கள் ஒரு படையே இருந்தார்கள். தமிழர்கள் கேரம் ஆடும் அளவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகூடச் சாம்பார் கிடையாது.

"இதுக்கு அமெரிக்காவுல அப்பவே வழி கண்டுபிடிச்சிட்டாங்கடா" என்றான். அவர்கள் இரண்டு சபை வைத்தார்களாம். ஒன்றில் தலைக்கணக்கு, மற்றதில் எல்லா மாநிலமும் சமம். அதேபோல வாரநாள் மெனுவுக்குத் தலைக்கு ஒரு ஓட்டு, ஞாயிறுக்கு மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்பது அவன் திட்டம்.

மே மாத மத்தியானம், மெஸ்ஸில் கூட்டம். முதல் காரியமாக எல்லா ஜன்னலையும் சாத்தினான்.

"அவங்களும் சாத்திட்டுத்தான் பேசுனாங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கரண்ட் வேறு போய்விட்டது. அவன் முன்னுரையையே தாண்டவில்லை. பீகார் அணித் தலைவர் மிஸ்ராஜி நனைந்த பனியனோடு எழுந்தார். "மான் லியா பையா, கிட்கி கோலோ." ஒத்துக்கொண்டோம், ஜன்னலைத் திற என்று அர்த்தம். உலகத்தில் எந்த அரசியல் சட்டமும் இவ்வளவு வேகமாக நிறைவேறியிருக்காது.

அந்த ஞாயிறே சாம்பார் வந்தது. அதற்கு முதலில் கை தூக்கியவன் மணிப்பூரிலிருந்து வந்திருந்த ஒரே ஆளான தோம்பா.

அடுத்த மாதம் வந்தது வினை. தோம்பா தன் ஊர்க் கருவாட்டுச் சட்னி கேட்டான். வாடை தாங்காது, இது நிறைவேறினால் ஒப்பந்தமே கேன்சல் என்றார் மிஸ்ராஜி. ஓட்டு சரிபாதியாக நின்றது. பாக்கி தமிழ்நாடு. எங்கள் ஓட்டு பிலடெல்பியா கையில். அவனோ முட்டை பொரித்த வாணலியைக்கூடத் தொடாத சைவம்.

"வேண்டாம்னு சொல்லித் தொலைடா. சாம்பார் போயிரும்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நம்ம சாம்பாருக்கு அவன் கை தூக்குனான்ல?" என்று கையைத் தூக்கிவிட்டான்.

கருவாடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வந்தது. பிலடெல்பியா மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு தோம்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அதை எப்படி அரைப்பது என்று விசாரித்தான். கர்ச்சீப்பை இறக்கி இறக்கித் தயிர் சாதம் சாப்பிட்டான். தோம்பா வழித்துத் தின்ற தட்டைக் கழுவவே வேண்டியிருக்கவில்லை.

மிஸ்ராஜி சொன்னபடியே ஒப்பந்தம் ரத்தானது. அடுத்த ஞாயிறு மறுபடி ராஜ்மா. பிலடெல்பியாவோடு யாரும் பேசுவதில்லை என்று தமிழர்கள் கூடி முடிவெடுத்தோம். அவன் மூலை மேஜையில் தனியாக, விட்டத்தைப் பார்த்தபடி இருந்தான். வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன்.

"மாப்ள, அங்க நின்ன ஒப்பந்தம் இங்க ஏன்டா ஒரே மாசத்துல கவுந்துச்சு?" என்று அங்கிருந்தே கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டான்.

எனக்குக் கோபம் தீரவில்லை. அவனை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ராஜ்மா அன்றைக்கு அவ்வளவு மோசமில்லை.