தாழிக்குள் எடுத்த விளம்பரப் படம்

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குத் தங்களை சினிமா டைரக்டராக நினைத்துக்கொள்ளும் வியாதி உண்டு. எனக்கு அது முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் ஒரு அருங்காட்சியகத்துக்கு விளம்பரப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

பரளச்சிப் பக்கம் ஒரு கிராமம். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் கண்மாயைத் தூர்வாரும்போது முதுமக்கள் தாழிகளின் ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. (தாழி என்றால், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை.) கிடைத்ததையெல்லாம் பழைய பஞ்சாயத்துக் கட்டடத்தில் வைத்து, நடுவில் மாதிரிக்கு ஒரு புதுத் தாழியையும் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பார்க்கத்தான் ஆளில்லை. இப்படியே போனால் கட்டடத்தை ரேஷன் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

"தம்பி, நாலு பேரு வாரமாதிரி எடுத்துக் குடுங்க" என்றார் பஞ்சாயத்துத் தலைவி முத்துலட்சுமி.

நான் சும்மா எடுப்பேனா? செத்தவர் பார்வையில் ஒரு ஷாட் வேண்டும் என்று தோன்றிவிட்டது. கேமராவோடு தாழிக்குள் இறங்கினேன். வெளியே இன்னொரு கேமராவோடு என் மனைவி செல்வி. ஷாட் அருமையாக வந்தது. நான்தான் வரவில்லை. மடங்கிய முழங்காலை நீட்ட இடமில்லை. எழுந்தால் தோள் இடித்தது.

"ஏங்க, வெளிய வாங்க."

"வர முடியலடி."

அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்து பெண்கள் உள்ளே வந்தார்கள். பேச்சியம்மா என்பவர் தாழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அக்கா..." என்றேன் ஈனஸ்வரத்தில்.

அலறினார் பாருங்கள்! ஆனால் ஓடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, எந்தக் காலத்து ஆளு நீங்க?" என்றார்.

"இந்தக் காலந்தேன்க்கா. அருப்புக்கோட்டை!"

சிரிப்பில் கட்டடமே அதிர்ந்தது. "ஒடைச்சு எடுத்திருவமா?" என்று ஒருத்தி கேட்க, சத்தம் கேட்டு வந்த முத்துலட்சுமி பதறினார்: "ஏத்தா, தாழி ஒண்ணுதேன் இருக்கு!" (எனக்கும் உயிர் ஒன்றுதான் இருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.)

கடைசியில் தோளில் நல்லெண்ணெயை ஊற்றி, ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தார்கள். நான் வெளியே வந்தேன். கிழிந்த சட்டை உள்ளேயே தங்கிவிட்டது. எண்ணெய் வடிய நின்றவனிடம் செல்வி கேமராவைக் காட்டினாள். அத்தனையும் அதில் பதிவாகியிருந்தது.

அதை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். முத்துலட்சுமி ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "இதத்தேன் போடணும் தம்பி."

போட்டோம். திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று போன் போனாக அது பரவியது. அடுத்த வாரமே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். தாங்கள் தோண்டி எடுத்த மணிகளைப் பேச்சியம்மாவும் மற்ற பெண்களும் அவர்களுக்குக் காட்டிப் பேசியதைப் படம் பிடித்தபோது, என் நெஞ்சு அந்தத் தாழியைவிட அகலமாகிவிட்டது. ரேஷன் கடைப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

போன மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். டீச்சர் என்னையே உற்றுப் பார்த்து, "சாரை எங்கயோ பாத்திருக்கேனே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பெருமையாகச் சொன்னாள்: "மியூசியத்துல மிஸ். எங்கப்பாவ அங்கதேன் கண்டெடுத்தாக."