மந்தக் காதுக்கு இரண்டு ஹெட்போன்

இனிமேல் ஊரில் யார் சொல்வதையும் கேட்பதில்லை, என் காது சொல்வதை மட்டும்தான் கேட்பது என்று ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தேன். வியாழக்கிழமை வரை அந்த முடிவில் உறுதியாக இருந்தேன். குடும்பஸ்தனால் அவ்வளவுதான் முடியும்.

விஷயம் இதுதான். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க ஆசைப்பட்டேன். எது நல்லது என்று தெரியாமல் இரண்டை வரவழைத்துவிட்டேன். இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே அளவு, ஒரே கனம். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். கறுப்புக்குப் பெரியவன் என்று பேர் வைத்தேன். சாம்பலுக்குச் சின்னவன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சனிக்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். விலையைக் கேட்காதீர்கள். இதை என் மனைவியும் படிப்பாள்.

எனக்கு வேலை, ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில். ஏழு பெரிய மோட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பேன். உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டதா, தேயப் போகிறதா, சும்மா பயம் காட்டுகிறதா என்று சொல்லிவிடுவேன். அங்கே எனக்கு மோட்டார் டாக்டர் என்று பேர்.

வீட்டில் எனக்குக் காது மந்தம் என்று பேர்.

இந்தப் பேரை நானேதான் சம்பாதித்தேன். கல்யாணமான நாலாம் வருஷம். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து நாற்காலியில் விழுந்து கிடந்தேன். சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். எழுந்திருக்க உடம்பில் தெம்பில்லை. பேசாமல் இருந்தேன். மூன்று முறை கூப்பிட்டுவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“கூப்பிட்டது கேட்கலையா?”

“மோட்டார் சத்தத்துல காது மந்தமாயிடுச்சும்மா.”

அவள் முகத்தில் இரக்கம் வந்தது. அதற்கு முன் அந்த முகத்தில் அதை நான் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்துச் சந்தேகம் வந்தது. “போன் மணி கேட்குது. வாசல்ல யார் வந்தாலும் கேட்குது. நான் கூப்பிட்டா மட்டும் ஏன் கேட்கலை?” என்றாள். “உன் குரல் இருக்கிற உயரம் மட்டும் எனக்கு எட்டலை” என்றேன். நம்பினாளா இல்லையா தெரியாது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து ஆறு மணி முதல் ஏழு மணி வரை எனக்கே எனக்கு. யார் குரலும் எட்டாத ஒரு மணி நேரம். மீதி இருபத்து மூன்றையும் மோட்டாரும் குடும்பமும் தூக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். உலகத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து அந்த ஒரு மணி நேரம்தான். அதில் நல்ல இசையும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். இருந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

பெட்டிகள் வந்த அன்றே ஆரம்பித்தாள்.

“என்ன இது?”

“ஹெட்போன்.”

“காதுதான் மந்தமாச்சே?”

“அதனாலதான். நல்ல காதுக்காரனுக்குச் சாதாரணம் போதும். எனக்குத்தான் உசத்தியா வேணும்.”

“ஓ. பல்லு போனவங்கதான் உசத்தியான பிரஷ் வாங்கணுமா?”

“உனக்குப் புரியாது.”

“சரி, ரெண்டு எதுக்கு? காது ரெண்டுன்னு காதுக்கு ஒண்ணா?”

ஆறு மணி ஆகியிருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

அப்போது ஆரம்பித்தது சோதனை. ஒரே வயலின் இசையைப் பெரியவனில் ஒரு முறை, சின்னவனில் ஒரு முறை என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். நாற்பது தடவை கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. இணையத்தில் விமர்சனங்களைப் படித்தேன். பெரியவனில் வயலின் தேனாக வழிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். போட்டுக் கேட்டேன். வழிந்தது. பெரியவனில் வயலினைத் தகரத்தில் செய்திருக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மறுபடி கேட்டேன். தகரம். இரண்டும் ஒன்றுதான், சாயம்தான் வேறு என்றார் மூன்றாமவர். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

அன்றுதான் அந்தத் திங்கட்கிழமை. இனி என் காது மட்டும்தான் என்று சபதம் செய்தேன். காதும் தன் பங்குக்கு உழைத்தது. திங்கள் பெரியவன் என்றது. செவ்வாய் சின்னவன் என்றது. புதன் மறுபடி பெரியவன். வியாழக்கிழமை, வலிக்கிறது என்றது. அது சொன்னதிலேயே தெளிவான தீர்ப்பு அதுதான்.

இதற்கிடையே வீட்டில் சில சட்டங்கள் போட்டிருந்தேன். ஆறிலிருந்து ஏழு வரை மிக்ஸி ஓடக் கூடாது. மின்விசிறி சுற்றக் கூடாது. தையல் மெஷின் கூடவே கூடாது. என் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அறுபது சட்டைக்குக் காலர் பாக்கி இருந்தது. வியாழக்கிழமை ஒரு காலரைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

“நாளை மறுநாள் அனுப்பணும். எதை அனுப்பப் போறீங்க?”

“யோசிச்சிட்டிருக்கேன்.”

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“ரொம்ப நுணுக்கமானது. உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாது, சரி. உங்களுக்குக் கேட்குமா?”

“ஏன் கேட்காது?”

“அப்போ கண்ணைக் கட்டிடறேன். ஒண்ணை மாட்டி விடறேன். பெரியவனா சின்னவனான்னு சொல்லுங்க. பத்துக்கு எட்டு சரியா இருந்தா, ஒண்ணு என்ன, ரெண்டையுமே வச்சுக்குங்க. வாயைத் திறக்க மாட்டேன். இல்லைன்னா ரெண்டும் பெட்டிக்குள்ள போயிடணும். சம்மதமா?”

“நீ ஏமாத்திட்டா?”

“பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரைக் கூப்பிடறேன். அவங்களே எழுதிக்கட்டும்.”

சம்மதம் என்றேன். ஜெயித்தால் என் மந்தக் காதுக்கு ஆபத்து வருமோ என்றும் யோசிக்காமல் இல்லை. கேட்கப் போவது வயலின். மந்தம் என்று நான் சொன்னது இவள் குரலுக்கு மட்டும். அது வேறு இலாகா. பயமில்லை.

பயம் பத்துக்கு எட்டைப் பற்றித்தான். என் காதின் நான்கு நாள் யோக்கியதை எனக்குத் தெரியும். அதனால் ஒரு காரியம் செய்தேன். அவள் கடைக்குப் போன நேரம் தையல் பெட்டியிலிருந்து ஒரு துண்டு நூல் எடுத்து, பெரியவனின் வளைவுக்கு உள்பக்கம், தலையில் படுகிற இடத்தில், ஒரு சின்ன முடிச்சுப் போட்டேன். என் உச்சந்தலையில் முடி கிடையாது. கடுகு விழுந்தாலும் தெரியும். வழுக்கைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். டீச்சர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். மனைவி என் கண்ணைத் துண்டால் கட்டினாள். தேவைக்கு மேலேயே இறுக்கினாள்.

“ஆரம்பிக்கலாமா சார்?” என்றார் டீச்சர்.

முதல் முறை மாட்டினாள். உச்சந்தலையில் முடிச்சு. “பெரியவன்” என்றேன். இரண்டாவது. முடிச்சு. “பெரியவன்.” மூன்றாவதும் அப்படியே.

நான்காவது முறைதான் ஒன்று நடந்தது. வயலினில் வில் கம்பியை உரசும் சத்தம் கொஞ்சம் கூராகக் கேட்டது. சின்னவன் என்றது காது. ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்கும்போது பேரிங்கைப் பற்றி எப்படிச் சொல்லுமோ, அதே நிதானத்தோடு சொன்னது. ஆனால் மேலே முடிச்சு உறுத்திக்கொண்டிருந்தது. முடிச்சு எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? காதை அடக்கினேன். “பெரியவன்.”

ஐந்து, ஆறு, முடிச்சு, முடிச்சு. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஹெட்போனைத் திரும்பத் திரும்ப மாட்டி என்னைக் குழப்பப் பார்க்கிறாள். பாவம். ஏழாவதிலும் ஒன்பதாவதிலும் காது மறுபடி சின்னவன், சின்னவன் என்று முனகியது. சும்மா கிட என்றேன். பத்தாவது முடிந்ததும் துண்டை நானே அவிழ்த்தேன்.

“பத்தும் பெரியவன்! ஒண்ணையே பத்து தடவை மாட்டினா கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சியா? என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு இது?”

டீச்சர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சார், அஞ்சுதான் சரி.”

“அஞ்சா?”

மனைவி இரண்டையும் என் முன்னால் திருப்பிக் காட்டினாள். இரண்டிலும் முடிச்சு.

“உங்க முடிச்சு சரியில்லைங்க. பிரியற மாதிரி இருந்துச்சு. காலையிலேயே பிரிச்சு ஒழுங்காப் போட்டேன். ஒண்ணுக்குப் போட்டுட்டு இன்னொண்ணுக்குப் போடாம விட்டா நல்லாவா இருக்கும்? அதுக்கும் ஒண்ணு போட்டேன்.”

நாள் முழுக்க ஊசியும் நூலுமாக இருப்பவளிடம் நூலைக் கொண்டுபோய் வேலை காட்டியிருக்கிறேன்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

“பெட்டி எங்கே வச்சீங்க?” என்றாள் மனைவி.

எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது.

“இரு! நாலாவது சின்னவன். ஏழாவது சின்னவன். ஒன்பதும் சின்னவன்தான். எனக்கு அப்பவே தெரியும்!”

டீச்சர் நோட்டைப் புரட்டினார். “நாலு, ஏழு, ஒன்பது... ஆமாங்க. சார் சொல்றது சரி.”

“தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?”

“காது சொல்லுச்சு. முடிச்சு வேற மாதிரி சொல்லுச்சு.”

“பொண்டாட்டியைத்தான் நம்பலைன்னு பார்த்தா, சொந்தக் காதையே நம்பலையா?”

“ரெண்டு முடிச்சையும் வெட்டு. மறுபடி மாட்டு. இந்தத் தடவை வெறும் காதுதான்.”

“வேணாங்க. மந்தமான காது. அதைப் போட்டு ஏன் சிரமப்படுத்தறீங்க?”

“மாட்டுன்னா மாட்டு!”

அவள் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். எவ்வளவு நல்லவள் என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

“வயலினைவிட மனுஷக் குரல்ல வித்தியாசம் இன்னும் நல்லாத் தெரியும் சார்” என்றார் டீச்சர்.

“நீங்க பாடுங்களேன்.”

“எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

“அப்போ நானே ஏதாவது பேசிப் பதிஞ்சு கொண்டு வரேன்” என்று மனைவி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அப்போதாவது நான் யோசித்திருக்கலாம். ரோஷம் வந்தவனுக்கு யோசனை எங்கே வரும்?

மறுபடி கண்ணைக் கட்டினார்கள். காதில் என் மனைவி பேசினாள். மெல்லிய குரலில், வழக்கமான உயரத்தில். உச்சந்தலையில் ஒன்றும் இல்லை. காதுக்கு வேறு வழியும் இல்லை. கேட்டேன். பெரியவனில் அவள் பக்கத்து அறையில் இருந்தாள். சின்னவனில் பக்கத்திலேயே இருந்தாள். மோட்டார்களை எப்படிக் கேட்பேனோ அப்படிக் கேட்டேன். விமர்சனம் எழுதியவன் எவனும் மனதில் வரவில்லை.

“சின்னவன். பெரியவன். பெரியவன். சின்னவன்...”

“பத்துக்கு ஒன்பது!” என்றார் டீச்சர்.

இத்தனை வருஷத்தில் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. துண்டைக் கொடி மாதிரி வீசினேன்.

“குருட்டாம்போக்குல சொன்னாரோ என்னவோ டீச்சர். நான் பேசினது காதுல விழுந்துச்சான்னே தெரியலையே” என்றாள் மனைவி.

“விழலையா? சொல்றேன், கேளு. ‘காலர் இன்னும் அறுபது இருக்கு. மாடியில துணி காயுது, யாராவது எடுத்தா நல்லாயிருக்கும். அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்குதான்னு பாருங்க.’ அப்புறம் ஒரு பெருமூச்சு. அதுகூடக் கேட்டுச்சு!”

“ஒரு வார்த்தை தப்பலை” என்றார் டீச்சர். “இவங்க குரல் நல்ல உயரம் சார். அதுவும் மெதுவாப் பேசியிருக்காங்க. இது கேட்குதுன்னா உங்களுக்கு எதுவும் கேட்கும். சின்னப்பிள்ளைக் காது சார் உங்களுக்கு.”

மின்விசிறி ஓடவில்லை. மிக்ஸி ஓடவில்லை. நான் போட்ட சட்டம்.

“டீச்சர், அதுல தேதியைப் போட்டு, கீழே ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்துடுங்க” என்றாள் மனைவி.

டீச்சர் போட்டுக் கொடுத்தார். அவள் அந்தத் தாளைக் கிழித்து நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில் ஊசியால் குத்தி வைத்தாள்.

டீச்சர் போன பிறகு கேட்டேன். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எது?”

“ஒண்ணுமில்லை.”

கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். மூழ்குகிறவன் கையைக் காலை உதறத்தானே செய்வான்.

“இந்த ஹெட்போன் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்குதும்மா. அதனாலதான் உன் குரல் கேட்டுது. வெறும் காதுன்னா அதே மந்தம்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் மறுபடி இரக்கம் வந்தது.

“அப்படியா? அப்போ கழட்டாதீங்க” என்றாள்.

சனிக்கிழமை பெரியவனைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். ஜெயித்தவன் என்ற முறையில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்தான். மனமில்லை. ஆறு மணிக்குச் சின்னவனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணை மூடினேன். வயலின் ஆரம்பித்தது. வில் கம்பியில் இறங்குவதற்குள் வயலின் நின்று, காதுக்குள்ளே போன் மணி அடித்தது.

ஒன்பது அடி தூரத்தில் இருக்கும் சமையலறையிலிருந்து.

எடுத்தேன்.

“கேட்குதாங்க?” என்றாள், மெதுவாக.

இவ்வளவு துல்லியமான ஒலியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.