மாப்பிள்ளைக்குக் கரண்டு பத்தவில்லை

ஊவா மாகாணத்தில் தேயிலைக்கு அடுத்தபடியாக அதிகம் விளைவது எங்கள் சிக்னல் அண்ணன் வீட்டு வயர்தான். கூரையில் வயர், கொடிக்கயிற்றில் வயர், சட்டைப்பையில் வயர். ஒருமுறை இடியப்பத் தட்டின் முன் உட்கார்ந்தவர், எந்த முனை பிளஸ் என்று தேடினார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற எங்கள் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயங்களில் கூரை கூரையாக ஏறி டிவி டிஷ் திருப்பிக்கொடுத்த காலத்தில் ஒட்டிய பெயர் சிக்னல். டிஷ் சலித்தது. ரேடியோ சலித்தது. பிறகு ஒருநாள் பதுளை பஜாரில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்து, ஒரு எலக்ட்ரானிக் பலகையை வரவழைத்தார். தீப்பெட்டியைவிடச் சிறியது. நெற்றியில் மிளகளவு கேமரா. விலை மலிவு. நெட் வேண்டாம், டேட்டா வேண்டாம். தானே ஒரு வைஃபை ஊதும், பக்கத்தில் நிற்கிறவர் போனில் படம் காட்டும்.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். காரணம் கேட்டேன்.

“பழகிப் பாருங்க தம்பி, தெரியும்.”

பழகினேன், தெரிந்தது. கம்ப்யூட்டரோடு அது நேராகப் பேசாது. தரகர்போல நடுவில் இன்னொரு குட்டிப் பலகை வேண்டும். புரோகிராம் ஏற்றுமுன் அதன் இரண்டு கால்களை ஒரு துண்டு வயரால் முடிச்சுப் போட வேண்டும்; ஏற்றியதும் அவிழ்த்து ரீசெட் பட்டனை அமுக்க வேண்டும். அவிழ்க்க மறந்தால் கல்லாக உட்கார்ந்திருக்கும். பழைய போன் சார்ஜரைக் கொடுத்தால் செத்துச் செத்துப் பிழைக்கும். கொஞ்சம் வேலை செய்தாலே உடம்பு சுடும்.

“மாப்பிள்ள கோவிச்சிக்கிட்டாரு. கரண்டு பத்தலையாம்” என்பார் அண்ணன், சம்பந்தி வீட்டுக்காரரின் கவலையோடு.

சிரித்துக்கொண்டேதான் இருந்திருப்போம், குளவி வராவிட்டால்.

எங்கள் லயத்துக்கு நேர் மேலே, மலை வளைகிற இடத்தில் ஒரு நிழல்மரம். அதன் உச்சிக்கிளையில் குளவி கூடு கட்டியிருந்தது. அடியில் போய் அண்ணாந்தால்தான் தெரியும். அடியில் போவதுதான் ஆபத்து. கொழுந்து பறிக்கிற என் தங்கை ராணி முந்தின வருடம் குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துப் பிழைத்தவள். இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மலைக்கு ஏறாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் கிடையாது. கூட்டைக் கலைக்க ஆள் வரும், வரும் என்றார் கங்காணி. வரவில்லை.

விடுமுறையில் வந்திருந்த நான் வெறுமனே கவலைப்பட்டேன். கூடு கலைந்தால் கீழிருந்தே தெரியட்டும் என்று சிக்னல் அண்ணன் மாப்பிள்ளையைச் சோப்புப் பெட்டிக்குள் வைத்து, ஒரு பைக் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

“குளவிக்குக் கல்யாண வீடியோ எடுக்கப்போறீங்களா சிக்னலு?” கங்காணிக்குத் தாங்கவில்லை.

“நீங்களும் வந்து நில்லுங்க கங்காணி, குரூப் போட்டோல ஒரு ஆளு கொறையுது.”

உடம்பெல்லாம் சாக்கு, தலையில் கொசுவலை. குளிரில் குளவி அடங்கியிருக்கிற விடியற்காலையில் எதிர்மரத்தில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். எல்லோரும் போனை எட்டிப் பார்த்தோம். வெள்ளை. முழுக்க வெள்ளை.

“பனி” என்றார் அண்ணன்.

“பனிதான்” என்றோம். எங்கள் ஊரில் வெள்ளையாக எதைக் காட்டினாலும் பனி என்றுதான் சொல்வோம். பாதி வருடம் பக்கத்து வீட்டையே நாங்கள் நம்பிக்கையில்தான் பார்க்கிறோம். மறுநாளும் வெள்ளை. அதற்கு மறுநாளும். “வெலகட்டும், அதுவரைக்கும் மேல ஏறாதீங்க” என்று அண்ணன் சொல்ல, பெண்கள் கீழ்நிரையிலேயே பறித்தார்கள். பனி எங்கே அடர்த்தி, எங்கே ஐது என்று போனில் விரல்வைத்து விளக்கவும் செய்தார். நானும் தலையாட்டினேன்.

ஒரு நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மலை முழுக்கப் பச்சை பளபளத்தது. போனில் வெள்ளை.

ராணி கூடையை இறக்கிவைத்தாள். “ஏண்ணே, ஊருக்கெல்லாம் வெயிலு. ஒங்க மாப்பிள்ளைக்கு மட்டும் என்னா பனி?”

சிக்னல் அண்ணன் கையைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் மெதுவாக எதையோ உரிப்பதுபோல் செய்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். குளவிக்கென்று மாற்றிப் பூட்டிய புதுக் கேமராவின் கண்ணில் கீறல் விழாமல் ஒட்டி அனுப்புகிற பால்நிறப் பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை.

மறுநாள் விடியலில் மறுபடி சாக்கு, மறுபடி கொசுவலை. இறங்கியதும் போனைப் பார்த்தோம். பானையளவு கூடு, அதன்மேல் கறுப்பாய் ஊர்கிற ஒரு தோல்.

“ஆடாமத்தானே இருக்கு? ஆளுகள ஏத்துங்க” என்றார் கங்காணி.

ராணி என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள்.

“நீ போய்க் கொழுந்த எடு தாயி. நான் கண்ண எடுக்க மாட்டேன்.”

எடுக்கவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெற்றிலை நீட்டினார்கள், கை வரவில்லை. வெயில் ஏறியது. ஒரு பருந்து வளைவைச் சுற்றி வந்தது. நான் அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மலையில் வளர்ந்தவன் பார்க்கக் கூடாத விதத்தில். பருந்து கூட்டைக் கொத்தும் என்பது எனக்கும் தெரிந்ததுதான்.

“எறங்குங்க! எல்லாத்தையும் போட்டுட்டு எறங்குங்க!”

அப்படி ஒரு குரல் அண்ணனின் ஒல்லி உடம்பில் இருந்ததை யாரும் அறியோம். போன் திரையில் கருமணலை வீசியதுபோல் குளவிகள். பெண்கள் கூடைகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரிவில் ஓடிவந்தார்கள். அண்ணன் எதிரே ஏறி ஓடினார், சாக்கு இல்லாமல், வலை இல்லாமல். ராணியின் தலையில் தன் சட்டையைக் கழற்றிப் போட்டு, கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்குள் முதலில் வந்து உட்கார்ந்திருந்தவர் கங்காணி.

ராணியை ஒன்றுகூடக் கொட்டவில்லை. அண்ணனின் காதில் ஒன்று, மூக்கில் ஒன்று. அவர் முகம் வீங்கிய அழகை வர்ணிக்க எனக்கு மனசில்லை.

சாயங்காலம் ராணி தேத்தண்ணி ஊற்றினாள். முதல் கோப்பையை அவருக்குக் கொடுத்தாள். அவர் அதைப் பக்கத்தில் வைத்து ஆறவிட்டுவிட்டு, வீங்கிய கண்ணின் இடுக்கு வழியே போனில் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ராணியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.