புகையில்லாத கச்சேரி

"பட்டனைத் தொடவே கூடாதுன்னா நான் எதுக்குங்க அங்க உக்காரணும்?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"விரலை மட்டும் ஆட்டு போதும். நெசமான கீபோர்டைத் திரைக்குப் பின்னால நான் வாசிச்சுக்கறேன்," என்றார் அவள் கணவர் தீனதயாளன்.

அவர் ராசிபுரத்தில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். கல்யாண வீடுகளுக்கு டிஜே பெட்டிகள் வந்த பிறகு குழு படுத்துவிட்டது. ரிதம் பேட் வாசிக்கும் குணசீலன், போர்வெல் லாரியில் வேலைக்கு ஏறி ஒடிசா போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போனால் குழுவே இல்லை.

இந்த நேரத்தில்தான் நாமக்கல் முட்டைக் கம்பெனி ஒன்று, வருஷம் முழுக்கத் தன் விழாக்களில் பாட ஒரு குழுவைத் தேடியது. சேந்தமங்கலத்தில் இவர், ஆத்தூரில் இன்னொரு குழு. ஒரே மாலையில் இரண்டு போட்டிக் கச்சேரி. டீசல் ஜெனரேட்டர் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, மேடையில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்க வேண்டும். மார்க் எல்லாம் இதற்குத்தான்.

குழுவில் பெண் என்றால் பாடகி மைதிலி ஒருத்திதான்; ஆண்கள் இவர், குணசீலன், கிட்டார்காரன் என்று மூன்று பேர். அதனால்தான் வசந்தாமணிக்குப் பட்டுச்சேலையும், ஒயர் மாட்டாத கீபோர்டும்.

"கரண்டுக்கு என்னடா பண்றது?" என்றார் தீனதயாளன்.

"லாரி பேட்டரி ரெண்டு கொண்டாரேனுங்கண்ணா. இன்வெர்ட்டர்ல மாட்டிக்கலாம்," என்றான் குணசீலன்.

ஒத்திகையில் மூன்றாவது பாட்டிலேயே பேட்டரி படுத்தது.

"அப்ப நான் ஏறப்போற போர்வெல் லாரியையே கொண்டாந்து நிறுத்திருவோம். எஞ்சின் ஓடுனா சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்குமுங்க."

"ஏண்டா, அது டீசல் இல்லியா?"

"அது லாரி டீசலுங்கண்ணா. அவங்க ஜெனரேட்டர் டீசலைத்தான வேண்டாங்கறாங்க?"

தீனதயாளனுக்கு இது நியாயமாகவே பட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை.

கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் லாரி உறுமியது. புகை நேராகத் திரைக்குள் வந்து, தீனதயாளன் இருமி இருமி ஒரு சரணத்தையே விழுங்கினார். புகையைத் தடுக்க, லாரியில் கிடந்த பழைய பிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து குணசீலன் பின்பக்கம் கட்டினான். திரைக்குள் போக வழியில்லாத புகை இப்போது மேடைக்கு அடியில் புகுந்து முன்னால் வந்தது.

மைதிலியின் காலடியிலிருந்து வெள்ளையும் கறுப்புமாகப் புகை எழும்ப, ஜனங்கள் அதை சினிமா எபெக்ட் என்று நினைத்து விசில் அடித்தார்கள். கம்பெனியிலிருந்து மார்க் போட வந்திருந்த சத்யபிரியா மட்டும் விசில் அடிக்கவில்லை.

"இந்தப் புகை எங்கிருந்துங்க வருது?" என்று அவர் எழுந்தார்.

குணசீலன் பேட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் லாரியை அணைத்தான். பதற்றத்தில் ஒயரையும் பிடுங்கிவிட்டான். மைக் செத்தது, கிட்டார் செத்தது, எல்லாம் செத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வசந்தாமணியின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். சத்தமே இல்லாத கீபோர்டில் அவள் முழுப் பாட்டையும் வாசித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது.

சிரிப்பைக் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு இந்தப் பொட்டி வாசிக்கத் தெரியாதுங்க மேடம். வள்ளிக்கும்மி தெரியும். ஆடட்டுங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் முந்தானையைச் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள். கூட்டத்தில் இருந்த அவளுடைய கும்மிக் குழுப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். மைதிலி மைக் இல்லாமலே பாட்டெடுத்தாள். குணசீலனும் கிட்டார்காரனும் வட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சத்யபிரியாவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்.

கரி பூசிய முகத்தோடு திரைக்கு வெளியே வந்த தீனதயாளன் அப்படியே நின்றார். இத்தனை வருஷத்தில் அவருடைய கச்சேரியில் ஒருவர்கூட நடுவில் எழுந்து போகாதது அன்றைக்குத்தான். அவருக்குக் கண் கலங்கியது. அது புகையால் இல்லை.

"லாரிக்கும் பேனருக்கும் கொஞ்சம் மார்க் கழிச்சுத்தான் ஆகணுங்க," என்றார் சத்யபிரியா, மூச்சு வாங்கியபடி. "ஆனா இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லீங்க."

அது போதாதா? "ஒடிசாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ இங்கயே இரு சாமி," என்று குணசீலனைக் கட்டிக்கொண்டார் தீனதயாளன்.

மறுநாள் காலையில் கம்பெனி ஆபீசிலிருந்து தமிழினி என்ற பெண் போன் செய்தாள். குணசீலனும் கேட்கட்டும் என்று அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லு சாமி, நமக்குத்தான?"

"இல்லீங்க சார், ஆத்தூர்க் குழுவுக்குத்தான் நூத்துக்கு நூறு. அங்க பேய்மழைங்க, சொட்டு டீசல் எரியல, ஒரு பிளாஸ்டிக் சேரல, ஆணும் பொண்ணும் அச்சுப்பிசகாம சமம்... ஒருத்தருமே மேடையேறலீங்க!"