இப்ப வருதா?

"மார்ச் 9, ஞாயிறு. நேற்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். வைஃபை கோளாறைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை, பார்க்க அழகாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்துவிட்டேன். என்ன கோளாறு என்று முதலில் யோசித்திருக்க வேண்டும். மாலைக் கணினி வகுப்பில் இதைத்தான் படித்துப் படித்துச் சொன்னார்கள்."

நாட்குறிப்பை மூடிவிட்டுச் சின்னவள் கூடத்துக்கு வந்தாள். கடல் தாண்டி வேலைக்குப் போயிருக்கும் அண்ணன் வீடியோவில் வரும் நேரம். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அம்மா அவன் முகத்தைப் பார்ப்பது. சில வாரங்களாக, பேச்சின் நடுவே அவன் அப்படியே உறைந்துவிடுகிறான்.

"இன்னிக்கும் நின்னுச்சுன்னா வெளியில இருந்து ஆளைக் கூப்பிட்டுருவேன்" என்றார் அப்பா. "உன் வகுப்பு லட்சணம் தெரிஞ்சுபோச்சு."

நேற்று அந்த அழகான மென்பொருள், அக்கம்பக்கத்து வைஃபைகளை மலை மலையாக வரைந்து காட்டியது. நெரிசல்தான் என்று நம்பி வைஃபை சேனலை மாற்றினாள். அப்பாவின் பழைய போனில் நெட்டே வராமல் போனது. இரண்டாவதைத் திறந்துகொண்டு அறை அறையாக நடந்தாள். ரூட்டரை உயரத்தில் வைக்கச் சொன்னது. பீரோ மேல் ஏற்றினாள். அதற்காக டிவி பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இன்று மூன்றாவது. அனுப்பும் தகவல் வழியில் எங்கே தொலைகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

அம்மாவின் கையில் போன் அடித்தது.

"அம்மா, முழங்கால் வலி எப்படி..." என்ற அண்ணன், திறந்த வாயோடு நின்றான்.

"போச்சு!" என்றாள் அம்மா.

சின்னவள் மடிக்கணினியைப் பார்த்தாள். "கோடு பச்சையாத்தான் இருக்கு. எதுவுமே தொலையல. நான்தான் தப்பா எடுத்துட்டேனோ?"

அப்பா நாற்காலியில் ஏறி, ரூட்டரை இரு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"இப்ப வருதா?"

"வரல!"

"ஜன்னல் பக்கம் காட்டுங்கப்பா!"

"இப்ப?"

"கண்ணு சிமிட்டினான்... இல்ல, வரல!"

சின்னவளுக்குப் பழைய வீடு ஞாபகம் வந்தது. மாடியில் அண்ணன் ஆன்டெனாவைத் திருப்புவான். படிக்கட்டில் அவள். டிவி முன்னால் அம்மா. "வருதா?" மேலிருந்து இறங்கும், "வரல!" கீழிருந்து ஏறும். திரையில் புள்ளிகள் மறைவதற்குள் நிகழ்ச்சி முடிந்திருக்கும். ஆனாலும் அடுத்த வாரம் அண்ணன்தான் முதல் ஆளாக மாடிக்கு ஓடுவான்.

"இவனைத் தூக்கி வளத்தப்பகூட இப்படிக் கை வலிக்கல" என்று முனகினார் அப்பா.

"தூக்கினீங்களா? எப்ப?" என்றாள் அம்மா.

உறைந்திருந்த அண்ணனின் உதட்டோரம் துடித்தது. அவனுக்குப் பின்னால், துணிக்கூடையோடு அண்ணி சாவகாசமாக நடந்து வந்தாள். அப்பா ரூட்டரோடு நாற்காலியிலிருந்தே திரையை எட்டிப் பார்த்தார்.

அண்ணி திரைக்குள் குனிந்தாள். "அத்தை, நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவர்தான் வாரா வாரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிலையா உக்காந்துடறாரு. நீங்க மூணு பேரும் 'வருதா, வரல'ன்னு கத்தறதைக் கேட்டாதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்காம்."

அன்று சின்னவள் எழுதிய கடைசி வரி:

"நாளைய வேலை: மூன்று மென்பொருளையும் நீக்குவது. அப்பா ஏறி நிற்க, ஆடாத முக்காலி ஒன்று வாங்குவது."